எதற்கும் இருக்கட்டும் என்ற ஊசி

கல்லடி,
ஆனி மாதம்

அன்பின் சாந்தி,

பேரன் சுவரைப் பிடிச்சு நடக்கிறான் என்று எழுதியிருந்தாய். 26 கிழமையில் பிறந்து உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடந்தவன்! கச்சான் காத்தில் கண்ணுக்குள் மண் விழுந்தது என்று இவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை வாசித்தேன்.

மகள் திரும்பவும் முழுகாமல் இருக்கிறாள். சம்பந்தியம்மாவோ போன முறை பிறக்க முன் மகளுக்குப் போட்ட ஊசிகளால்தான் பிள்ளை மெலிஞ்சவன் என்கிறாவாம். எந்த ஊசி என்று கேட்டாயா?

டெக்சாமெதசோன் என்றால், அவன் மூச்சு விட்டதில் அதற்கும் பங்குண்டு. 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 6 மில்லிகிராம், நாலு தரம். நுரையீரல் ஒட்டிப்போகாமல் விரிய அதுதான் உதவி. லிக்கின்ஸ் என்ற நியூசிலாந்து டொக்டர் ஆட்டுக்குட்டிகளில் கண்டுபிடித்து, 1972இல் ஹோவி என்ற டொக்டருடன் சேர்ந்து இதே இன மருந்தொன்றால் தாய்மாரிலும் காட்டினார். மூளைக்குள் இரத்தம் கசிவதும் அதனால் குறையும். ஆனால் சம்பந்தியம்மாவின் பயம் முழுப் பொய்யுமில்லை. திருப்பித் திருப்பிப் போட்டால் பிள்ளையின் நிறையும் தலைச்சுற்றளவும் குறையும். நாங்களே வார்டில் ஒரு காலம் கிழமைக்கு ஒருக்கா போட்டோமே, ஞாபகமா? மகளுக்கு ஒரே சுற்றுத்தான். தாய்க்குச் சீனியும் ஏறும், அதைக் கவனிக்கச் சொல்லு.

மக்னீசியம் என்றால், அது பிள்ளையின் மூளைக்குக் காவல். அது ஏறும்போது முழங்காலில் தட்டிப் பார்ப்பார்கள். கால் உதறாவிட்டால் மருந்து கூடிப்போச்சு என்று நிறுத்துவார்கள். அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது கிருமி மருந்து. பன்னீர்க்குடம் உடைந்தால் அது வேணும், ஆனால் எது என்பதில் இருக்கிறது விசயம். 2001இல் வெளிவந்த இங்கிலாந்து ஆராய்ச்சியில் கோ-அமொக்சிக்லாவ் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் வருத்தம் கூடுதலாக வந்தது. அதனால்தான் எரித்ரோமைசின் கொடுக்கிறார்கள். அதே எரித்ரோமைசினைக் குடம் உடையாமல் நோ மட்டும் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பிள்ளைகள் ஏழு வயதானபோது பெருமூளை வாதம் கூடியிருந்தது. குடம் உடைந்தவளுக்கு நல்லது, உடையாதவளுக்குக் கேடு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று எத்தனை தரம் நானே ஏற்றியிருப்பேன், சாந்தி! நித்திரை வராத இரவுகளில் அதை நினைப்பேன்.

போன முறை ஆஸ்பத்திரியால் விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டை அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோகச் சொல்லு. எந்த மருந்து, எத்தனை தரம் என்று அதில் இருக்கும். சம்பந்தியம்மாவுக்கும் அதையே வாசித்துக் காட்டு.

மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவாய்தானே? பேரனையும் கொண்டுவா. தயிர்ச்சட்டி ஒன்றும்.

உன்,
வசந்தி