கிணற்றுப் பாசனத்தார் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நொய்யல் கரைத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மற்றபடி இந்த ஆண்டு முழுக்க, சாயக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்கக் கிணற்றிலும் ஆற்றிலும் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலைதான்.

சாயப்பட்டறைகள் விடும் சாயத்தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். நிலத்தைக் கெடுப்பது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற, லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவார்கள். அது துணியில் நிற்காது, கழுவுநீரோடு வெளியே வந்துவிடும். கழிவைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்த் தொட்டி உப்பைத் தின்னாது. ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டியில் பிரித்து, மிஞ்சும் கரிப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். செலவெல்லாம் அங்கேதான். கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு வராத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு இறங்கிவிட்டிருந்தது.

முதல் இரண்டு மாத அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. தப்பு நம் பக்கம்தான். மோட்டார் போட்டதும் குழாயில் தேங்கியிருந்த தண்ணீரைப் பிடித்துவிட்டோம். இப்போது பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்கிறோம். டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்பின் அளவு) காட்டும் மீட்டரையும் மாதம் ஒருமுறை, மின்கடத்தும் திறன் 1413 மைக்ரோசீமென்ஸ் என்று தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபார்க்கிறோம். ஆற்றில் நடு ஓட்டத்தில், மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே, பாட்டில் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டிப் பிடிக்க வேண்டும். தேதி, மணியோடு மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். வெள்ளத்தில் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீராகத்தான் காட்டும்.

நாம் பிடிக்கும் பாட்டில் வழக்குக்குச் செல்லாது. 1974 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து மாதிரி எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட வேண்டும். எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில் அந்த அலுவலரைக் கூப்பிடுவது என்று காட்டத்தான் நமது மீட்டர். மழை ராத்திரிகளில்தான் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது நம் ஊர்ச் சந்தேகம்; மணிவாரிக் குறிப்பு இருந்தால்தான் அது புகாராகும்.

கழிவை வெளியே விட அனுமதி உள்ள ஆலைகளின் கழிவுநீருக்கு, லிட்டருக்கு 2100 மில்லிகிராம் கரைந்த உப்பு வரை அனுமதி. குடிநீருக்கு உகந்த அளவு 500. வேறு வழியில்லாத ஊருக்கு 2000. சட்டப்படி விட்ட தண்ணீரும் குடிக்க ஆகாது.

உப்பேறிய நிலத்தைத் திருத்த ஜிப்சம் கேட்டவர்களுக்கு: அது மண்ணில் ஒட்டிய சோடியத்தைத்தான் விடுவிக்கும். அதைக் கழுவ நல்ல தண்ணீரும், கழுவியது வெளியேற வடிகாலும் இல்லாத தோட்டத்தில் மூட்டைக் காசு வீண்.

மீட்டர் அலுவலகத்தில் இருக்கிறது. எடுத்துப்போகிறவர்கள் முனையை நல்ல தண்ணீரில் கழுவி, மூடி போட்டுத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்