யார் யாருக்கு ஊழியம்

குலசேகரம்
26 நவம்பர் 2025

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. மழையால் எழுத முடியவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். மழை பெய்தால் ரப்பர் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் உனக்கு என்ன வேலை, எழுத என்ன கேடு என்று கேட்பாய். சரி, சோம்பல் என்றே வைத்துக்கொள். உன் கால் முட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது நல்ல சேதி. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. சாயாவில் சீனியை நிறுத்தியாயிற்று. முந்திரிக்கொத்தை இன்னும் நிறுத்தவில்லை.

உன் பேரன் கேட்டதாக எழுதியிருந்தாயே, "ராஜாவே இல்லாத நாட்டில் கடவுளை மட்டும் ஏன் தாத்தா ராஜா என்கிறோம்?" என்று, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புராட்டஸ்டண்ட் சபைக்காரர் நீங்கள் "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கிறீர்கள், கத்தோலிக்கர் நாங்கள் "உமது ஆட்சி வருக" என்கிறோம். சொல்லை மாற்றினாலும் கேள்வி அப்படியே நிற்கிறது.

போன ஞாயிறு எங்கள் கோயிலில் கிறிஸ்து அரசர் பெருவிழா. பழங்காலத்து விழா என்று நீ நினைக்கலாம். இல்லை. பதினோராம் பத்திநாதர் பாப்பரசராக இருந்தபோது 1925 டிசம்பர் 11 அன்றுதான் இதை ஏற்படுத்தினார். இன்னும் பதினைந்து நாளில் நூறு வருஷம். அப்போது உலகப்போர் முடிந்து ரஷ்யாவின் ஜார், ஜெர்மனியின் கெய்சர், ஆஸ்திரியாவின் பேரரசர் எல்லோரும் சிம்மாசனம் இழந்திருந்தார்கள். பாப்பரசரின் ஜன்னலுக்கு வெளியே ரோமில் முசோலினி வந்துவிட்டார். அதாவது, ராஜாக்கள் போன பிறகு, அந்த இடத்தில் கட்சியும் தலைவரும் வந்து உட்கார்ந்த நேரத்தில்தான் இந்த விழா வந்தது. உன் பேரனிடம் இதை முதலில் சொல். ராஜா இல்லாத காலத்தில் அந்த நாற்காலி காலியாகவா கிடக்கிறது?

இந்த வருஷ வாசகம் லூக்கா நற்செய்தி. அரண்மனையும் இல்லை, கிரீடமும் இல்லை, சிலுவையில் தொங்குகிற ஆள். பக்கத்தில் தொங்குகிற கள்ளன் ஒருவன்தான் "நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்" என்கிறான். அவரை ராஜா என்று அன்றைக்கு நம்பியது அவன் ஒருவன்தான். சாமியார் நன்றாகவே பிரசங்கம் செய்தார். அப்புறம் பவனி. முத்துக்குடையை எந்த அன்பியம், அதாவது பங்கில் உள்ள எந்தக் குடும்பக் குழு, பிடிப்பது என்று அரை மணி நேரம் சண்டை. அதுவரை ராஜா வாசலில் காத்து நின்றார். இதற்கு மேல் எழுதினால் பங்குப் பேரவை என்னை விலக்கிவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெய்வ அரசாட்சி என்பது புத்தகத்து விஷயமில்லை, மக்கா. எட்டாம் வகுப்பில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்களே, நினைவிருக்கிறதா? உப்பரிகை மாளிகையில் மேல்மாடி சாமிக்கு, அதற்குக் கீழேதான் ராஜாவின் மருந்துமரக் கட்டில். நீ அந்தக் கட்டிலில் கைவைத்து வசவு வாங்கினாய். அதைக் கட்டிய மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் முழுவதையும் பத்மநாபசாமிக்கு எழுதி வைத்துவிட்டு, பத்மநாபதாசன் என்ற பேரில் ஆண்டார். நாடு சாமியுடையது, நான் அவருடைய ஊழியக்காரன் என்று ஒரு ராஜா சொல்வது லேசான காரியமா? எனக்கு அதில் மரியாதை உண்டு.

ஆனால் அந்த ஊழியக்காரனுக்குக் கீழே நின்றவர்கள் யார்? உன் பாட்டி, அவருடைய பாட்டி சொல்லக் கேட்டதாக ஒரு கதை சொல்வார், மகாராஜா ஊழியம் என்று. கூலி கிடையாது. கூப்பிட்டால் போகவேண்டும், சர்க்கார் சுமை தூக்கவேண்டும், போகாவிட்டால் அடி. ஞாயிற்றுக்கிழமையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கத்தானே மிஷனரிமார் அத்தனை பாடுபட்டார்கள். நம் ஜனங்களில் பலர் ஓய்வுநாள் என்பதை முதலில் தெரிந்துகொண்டதே அப்படித்தான் இருக்கும்.

இப்போது உங்கள் வேதாகமத்தில் மத்தேயு 20:28 எடுத்துப் பார். மனுஷகுமாரன் "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தார் என்று இருக்கும். அதே சொல்! இன்றைக்கு ஊழியம் என்றால் ஃப்ளக்ஸ் போர்டு, மைக், கோட்டுப் போட்ட ஆள் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு முதுகில் தழும்போடு இந்த வசனத்தைக் கேட்டவனுக்கு அது எப்படி விழுந்திருக்கும், யோசித்துப் பார். ஊழியம் வாங்காத ஒரு ராஜா. அதுவும் போதாதென்று, தானே ஊழியம் செய்கிற ராஜா. சாமுவேல் முதல் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று கேட்கும்போது, அவன் உங்கள் பிள்ளைகளை எடுப்பான், வயலை எடுப்பான், தானியத்தில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று சாமுவேல் அடுக்குவாரே, அந்தக் கணக்கே தலைகீழாகிவிடுகிறது.

தேவசகாயம் பிள்ளையும் அந்த அரண்மனையில் வேலை பார்த்தவர்தான். ஞானஸ்நானம் வாங்கிய பிறகு அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு கோயிலில் அவர் கல்லறைக்கு முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த எருமைதான் நினைவுக்கு வரும். இயேசு ராஜா கழுதையில் போனார், அவருடைய ஆள் எருமையில் போனார். குதிரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதவேண்டும் என்று திங்கட்கிழமை காலையில் தாளை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். மழை வெறித்திருந்தது. நம் ரப்பர் வெட்டுக்காரர் பாலை உறை ஊற்றிவிட்டு, சிரட்டைகளில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுபாலைப் பறித்துச் சாக்கில் கட்டினார். பிறகு வழக்கம்போல விறகைப் பிளந்து அடுக்களைப் பக்கம் அடுக்கினார். அதற்குப் பிறகு கிணற்றில் விழுந்த சருகை வாரினார். பத்து வருஷமாக அப்படித்தான். யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. மரத்துக்கு இவ்வளவு என்று வெட்டுக்கூலி கொடுக்கிறேன், மிச்சமெல்லாம் 'சும்மா ஒரு கை உதவி'. தாளில் நான் அப்போது எழுதியிருந்த வரி, "கூலி கிடையாது. கூப்பிட்டால் போகவேண்டும்." பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் ஒரு தொகையை நீட்டினேன். பழைய பாக்கி என்றேன். அவர் வாங்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. "சாறே, நாளையிலிருந்து வரவேண்டாம்னு கணக்குத் தீர்க்கிறீங்களா?" என்றார். வேலையை விட்டு நிறுத்தினால்தான் முதலாளி கணக்குத் தீர்ப்பான் என்பது அவர் அனுபவம். அப்படியில்லை என்று விளங்க வைக்கச் சாயா ஆறிப்போகும்வரை ஆயிற்று. கடைசியில் அவர் மனைவி வந்து வாங்கி எண்ணி வைத்துக்கொண்டார். இனி விறகுக்குத் தனிக் கூலி என்று பேசியாயிற்று. என் வீட்டுக்காரிக்கு இதில் சம்மதமில்லை, பென்ஷனில் இதெல்லாம் கட்டுமா என்கிறாள்.

அதனால் இன்று விறகை நானே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ தேய்க்கிற அந்த எண்ணெயின் பெயரை எழுது. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, பேரனையும் கூட்டிக்கொண்டு வா. ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் வா, அந்த முட்டுவலியை வைத்துக்கொண்டு மேலே ஏறாதே.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்