மதம் இல்லை, மரியாதைதான் என்றார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜப்பான் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல உழைப்பு. ஆனால் ஷிண்டோ என்ற போர்வெறி மதம்தான் அந்த நாட்டை இரண்டாம் உலகப் போரின் அழிவுக்கு இழுத்துப் போனது என்று ஒரு வரி வருகிறதே, அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதிக்காக எழுதுகிறேன். கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஏழு வருடம் வேலை பார்த்தவன் நான். குடியிருந்த தெருமுனையில் சின்னதாக ஒரு ஜின்ஜா இருந்தது. ஜப்பானியரின் சொந்த மதமான ஷிண்டோவின் ஆலயத்துக்கு அங்கே அதுதான் பெயர். நாலு கற்பூர மரம், சிவப்புச் சாயம் உரிந்த ஒரு தோரி வாசல், வைக்கோல் கயிறு கட்டிய மண்டபம், இரண்டு கல் நரிகள். அவ்வளவுதான். பூசாரிக்கு இதுபோல் பல கோயில்கள் பொறுப்பு. விசேஷ நாளில்தான் வருவார். குழந்தைக்கு மூன்று, ஐந்து, ஏழு வயது ஆகும்போது புதுத்துணி உடுத்திக் கூட்டி வருவார்கள். புதுக் கார் வாங்கினால் பூஜை போடுவார்கள். அறுப்பு முடிந்ததும் சாமியைப் பல்லக்கில் தூக்கித் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். நானும் ஒரு வருடம் தோள் கொடுத்தேன். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. இதற்குத் தோற்றுவித்தவர் என்று யாரும் கிடையாது, எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒற்றை வேதமும் கிடையாது. இந்த நரிச்சாமிக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தத்தை உண்டாக்கியது 1868-ல் பேரரசர் பெயரால் வந்த மெய்ஜி அரசு. அதற்கு முன்பே மோட்டோரி நோரினாகா, ஹிராதா அட்சுதானே போன்ற பண்டிதர்கள் ஜப்பான் தெய்வங்களின் நாடு, மற்ற நாடுகளைவிட உயர்ந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள்தான். ஆனால் ஊர்க்கோயில்களில் புத்தரும் உள்ளூர்ச் சாமிகளும் ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒரே வளாகத்தில் குடித்தனம் நடத்தி வந்தார்கள். ஹச்சிமன் என்ற போர்க்கடவுளையே பௌத்தர்களின் போதிசத்துவர் என்றுதான் கும்பிட்டார்கள். மெய்ஜி அரசு முதல் வருடத்திலேயே புத்தரையும் உள்ளூர்ச் சாமிகளையும் பிரிக்க உத்தரவு போட்டது. பல ஊர்களில் அது கைமீறிப் போய், புத்தர் சிலைகளை உடைத்தார்கள், ஏடுகளைக் கொளுத்தினார்கள். நாராவில் கோஃபுகுஜி மடத்துத் துறவிகள் கூட்டத்தோடு துறவை விட்டுப் பக்கத்துக் கசுகா ஆலயத்தில் பூசாரிகளானார்கள். அடுத்த வருடம் பேரரசர் மெய்ஜி, சூரியதேவி குடியிருக்கும் இசே ஆலயத்துக்குப் போனார். ஆட்சியில் இருக்கும் பேரரசர் ஒருவர் அங்கே கால் வைத்தது ஆயிரம் வருடத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு! இதைத்தான் உங்கள் கட்டுரை 'தொன்றுதொட்டு வந்த மரபு' என்கிறது.

அப்புறம் நடந்ததுதான் கட்டுரையில் இல்லாதது. 1889-ல் வந்த அரசியல் சட்டம் பேரரசரைப் புனிதமானவர் என்றது. கூடவே, குடிமக்கள் தங்கள் கடமைக்குக் குந்தகம் இல்லாமல் எந்த மதத்தையும் பின்பற்றலாம் என்றும் சொன்னது. சரி, மதச் சுதந்திரம் கொடுத்தாகிவிட்டது. பிறகு கிறிஸ்தவரையும் பௌத்தரையும் ஆலயத்தின் முன் எப்படித் தலைகுனிய வைப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆலயத்தில் வணங்குவது மதமே இல்லை, நாட்டுக்குச் செய்யும் மரியாதை என்றார்கள். 1900-ல் உள்துறையில் ஆலயங்களுக்கு ஒரு பிரிவு, மதங்களுக்கு வேறு பிரிவு என்று அலுவலகத்தையே இரண்டாக்கினார்கள். மதம் என்று சொன்னால் ஒருவர் மறுக்கலாம். மரியாதை என்று சொல்லிவிட்டால் மறுப்பவர் தேசத் துரோகி. என் வருத்தமெல்லாம் இந்தச் சாமர்த்தியத்தைக் கட்டுரை கவனிக்கவே இல்லை என்பதுதான்.

1891 ஜனவரியில் உச்சிமுரா கன்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர், பேரரசரின் கல்விப் பிரகடனத்தின் முன் போதுமான அளவு குனியவில்லை என்பதற்காக வேலையை இழந்தார். குனியவே மறுத்தார் என்றுகூட இல்லை, லேசாகத்தான் குனிந்தார் என்பதே புகார். பிற்பாடு பள்ளிகளில் அந்தப் பிரகடனத்தையும் பேரரசரின் படத்தையும் வைக்கத் தனியாகச் சின்னக் கட்டிடமே கட்டினார்கள். தீப்பிடித்த பள்ளிக்குள் அந்தப் படத்தை மீட்க ஓடி உயிரை விட்ட தலைமை ஆசிரியர்களும் உண்டு. 1932-ல் சோஃபியா பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர்கள் சிலர், போரில் இறந்தவர்களுக்காக டோக்கியோவில் உள்ள யாசுகுனி ஆலயத்தில் வணங்க மறுத்ததும், ராணுவம் அந்தப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கு வைத்திருந்த அதிகாரியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிஷப் விளக்கம் கேட்டதற்கு, இது தேசபக்தி மட்டுமே என்று கல்வித்துறை பதில் அனுப்பியது. 1936-ல் ரோமாபுரியில் உள்ள கத்தோலிக்கத் தலைமையும் சரி என்றது.

போர்வெறி மதம் என்று நீங்கள் சொல்லும் ஷிண்டோவுக்கே இந்த அரசு என்ன செய்தது தெரியுமா? 1906-லிருந்து 'ஊருக்கு ஒரு ஆலயம் போதும்' என்று ஊர்க்கோயில்களை இடித்துச் சேர்த்தார்கள். சுமார் 1,90,000 இருந்த ஆலயங்களில் ஏறத்தாழ 70,000 காணாமல் போயின. மியே, வகாயாமா பகுதிகளில் அடி அதிகம். கோயில் காடுகளை வெட்டி மரத்தை விற்றார்கள். மினகதா குமகுசு என்ற தாவரவியல் அறிஞர் இதை எதிர்த்து ஒரு கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்து, 18 நாள் காவலில் இருந்தார். கிழவிகள் விளக்கேற்றிய சாமி வேண்டாம், அரசு சம்பிரதாயத்தோடு நடக்கும் ஆலயம்தான் வேண்டும் என்பதுதானே இது? 1935-ல் ஷிண்டோ வழியில் வந்த ஓமோட்டோ என்ற பிரிவின் தலைமையிடத்துக்குள் போலீஸ் புகுந்தது, அடுத்த வருடம் அதை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள்.

இன்னொன்று. 1932-ல் முன்னாள் நிதியமைச்சரையும் மிட்சுயி நிறுவனத் தலைவரையும் சுட்டுக் கொன்ற கும்பலின் தலைவர் இனோவே நிஷ்ஷோ, பௌத்த மதத்தின் நிச்சிரென் பிரிவைச் சேர்ந்த போதகர். 1936 பிப்ரவரி 26 அன்று டோக்கியோவில் கலகம் செய்த இளம் அதிகாரிகளுக்குக் குரு போல இருந்த கிதா இக்கி, தினமும் தாமரை சூத்திரம் என்ற பௌத்த நூலை ஓதியவர். அவர்கள் பேரரசர் பெயரால் கிளம்பினார்கள். அவர்களை அடக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் அதே பேரரசர்தான். ஆக, எல்லாப் பழியையும் ஷிண்டோவின் தலையில் கட்டினால் கணக்கு சரியாக வராது.

இதைச் சொல்வதால் ஆலயங்கள் மேல் குற்றமே இல்லை என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படை போன இடமெல்லாம் ஆலயமும் போனது. சியோலில் நம்சான் மலைமேல் 1925-ல் ஒன்று எழும்பியது. வணங்க மறுத்த கொரியப் போதகர் ஜூ கி சொல் 1944-ல் பியோங்யாங் சிறையில் இறந்தார். சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் ஓரம் போர்க்கைதிகளை வைத்து ஒன்று கட்டினார்கள். தோற்றதும் ஜப்பானியர்களே அதை அழித்தார்கள். கை கழுவும் கல்தொட்டி மட்டும் இன்னமும் காட்டுக்குள் கிடக்கிறது.

யாசுகுனிக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். அங்கே உள்ள போர் அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு ஜீரோ போர் விமானமும் கறுப்பு ரயில் எஞ்சின் ஒன்றும் நிற்கின்றன. எஞ்சினின் எண் சி56 31. துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். சயாம்-பர்மா ரயில் பாதையின் திறப்பு விழாவுக்கு ஓடிய எஞ்சின் அது. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தது அந்தப் பாதையில்தான். என் பாட்டியின் அண்ணன் அதில் ஒருவர். வீட்டில் அவர் செத்த தேதி தெரியாது, ஆடி அமாவாசைக்குச் சேர்த்துத்தான் திதி. எஞ்சின் முன்னால் இருந்த விளக்கப் பலகையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தேன். தொழிலாளர்களின் சாவு பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் எஞ்சினோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். என்னிடமே கைபேசியைக் கொடுத்து எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

அந்த ஆலயத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பவர்கள் 24,66,000-க்கும் மேல். பேரரசருக்காகச் செத்தவர்களுக்கு மட்டுமே இடம். 1877-ல் அரசை எதிர்த்துக் கலகம் செய்து இறந்த சைகோ தகமோரிக்கு, அதே அரசை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர், அங்கே இடமில்லை. ஆனால் கொரியர்களும் தைவான்காரர்களும் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எங்கள் அப்பா பெயரை எடுத்துவிடுங்கள் என்று பிள்ளைகள் கேட்டபோது, சேர்ந்துவிட்ட ஆன்மாவைப் பிரிக்க முடியாது என்று பதில் வந்தது. 1978-ல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் 14 பேரைச் சத்தமில்லாமல் சேர்த்தார்கள். போர்க்காலப் பேரரசர் ஹிரோஹிதோ கடைசியாக 1975-ல் போனவர், அதற்குப் பிறகு போகவே இல்லை. அவர் மகனும் பேரனும் பேரரசரான பிறகு போனதில்லை. பிரதமர்கள் மட்டும் அவ்வப்போது போகிறார்கள், போய்விட்டு 'மரியாதை செலுத்தினேன்' என்கிறார்கள். 1900-ல் கண்டுபிடித்த அதே வார்த்தை.

கடைசியாக ஒரு திருத்தம். 43-ஆம் பக்கத்தில் கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாசலின் படத்துக்குக் கீழே 'யாசுகுனி' என்று போட்டிருக்கிறீர்கள். அது ஹிரோஷிமாவுக்குப் பக்கத்தில் மியாஜிமா தீவில் உள்ள இட்சுகுஷிமா. அங்கே பென்ஸைத்தென் என்ற தேவி இருந்தாள், வீணை போன்ற வாத்தியத்தோடு. நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு அவ்வளவு தூரம் போனவள். 1868 உத்தரவு வந்ததும் ஆலயத்திலிருந்து அவளை எடுத்துப் பக்கத்து தைகன்ஜி மடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். வருடத்தில் ஒரு நாள், ஜூன் 17 அன்று, கதவு திறக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
கோவை.