கிருனாவின் மான் வழியை அடைக்காதீர்கள்: எல்.கே.ஏ.பி நிறுவனத்துக்கும் சுவீடன் அரசுக்கும் ஒரு திறந்த மடல்

வட சுவீடனின் கிருனா நகரில் இரும்புத் தாதுச் சுரங்கம் நடத்தும் எல்.கே.ஏ.பி நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கும் சுவீடன் அரசுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்டில் கிருனா தேவாலயத்தை நீங்கள் இடம் மாற்றியதைப் பார்த்து வியந்தவர்களில் நானும் ஒருவர். 1912-இல் கட்டிய மரக் கட்டடம், 672 டன் எடை. அதைப் பிரிக்காமல் அப்படியே சக்கர மேடைகள் மேல் ஏற்றி, ஐந்து கிலோமீட்டர் தொலைவை இரண்டே நாளில் கடந்தீர்கள். அதற்காகச் சாலையை அகலப்படுத்தினீர்கள். இளவரசர் யூஜின் வரைந்த பீட ஓவியம் உள்ளேயே பத்திரமாகப் பயணம் செய்தது. மன்னரே நேரில் வந்தார். தாதுவை எடுக்க எடுக்க நிலம் பிளந்துகொண்டே போகும் ஊரில், மக்களின் நினைவுகளை இப்படிக் காப்பாற்றியதற்கு மனமார்ந்த நன்றி.

அந்த அக்கறையில் பாதியாவது கப்னா மேய்ச்சல் சமூகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கப்னாவின் சாமி (Sámi) பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் தங்கள் துருவ மான்களைக் கிழக்கே உள்ள காடுகளில் மேய்ப்பார்கள். வசந்தத்தில் மேற்கே, நார்வே எல்லை மலைகளுக்கு ஓட்டிப் போவார்கள். சினை மான்கள் மே மாதத்தில் கன்று ஈனுவதற்குள் போய்ச் சேர வேண்டும். சுரங்கம், ஊர், ரயில் பாதை, நெடுஞ்சாலை என்று ஒவ்வொன்றாக வந்து அவர்களின் வழியைக் குறுக்கிவிட்டன. மிச்சமிருப்பது கிருனாவுக்கு வடக்கே உள்ள ஒரே இடைவெளி. நீங்கள் தோண்ட நினைக்கும் பெர் யெயர் என்னும் தாதுப் படிவு இருப்பதும் அங்கேதான்.

காந்தம் செய்யப் பயன்படும் அரிய மண் தனிமங்களின் ஆக்சைடுகள் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அங்கே இருப்பதாக 2023 ஜனவரியில் அறிவித்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2025-இல் இதை முக்கியத் திட்டமாக அறிவித்துவிட்டது. காற்றாலைக்கும் மின்வண்டிக்கும் காந்தம் தேவை, சீனாவையே நம்பியிருக்க முடியாது என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் பருவநிலை மாற்றத்தின் அடி முதலில் விழுவதே இந்த மேய்ப்பர்கள் மேல்தான். குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, பனியின் மேல் கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. மான் எவ்வளவு குளம்பால் கீறினாலும் அடியில் உள்ள லைக்கன் பாசி வாய்க்கு எட்டாது. ஓரிடத்தில் மேய்ச்சல் இல்லையென்றால் இன்னோரிடத்துக்குப் போகத்தான் நிலம் வேண்டும். அந்த நிலத்தைத்தான் பருவநிலையின் பேரைச் சொல்லி நீங்கள் கேட்கிறீர்கள்.

மான்களை லாரியில் ஏற்றிப் போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். நடந்துகொண்டே மேய்வதுதான் மானின் பிழைப்பு. தாயின் பின்னால் நடந்துதான் கன்று வழியைப் பழகுகிறது. லாரியில் வளர்ந்த மந்தைக்கு அந்த வழி தெரியாமலே போய்விடும். வீடு இழந்தவர்களுக்குச் சந்தை விலையோடு 25 சதவீதம் கூடுதலாகத் தருகிறீர்கள், இல்லையென்றால் புது வீடு. அது நியாயமான ஏற்பாடு. அறுபட்ட வழிக்கு அப்படி ஓர் இழப்பீடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அனுமதியெல்லாம் கிடைத்து உற்பத்தி தொடங்கவே 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்று 2023-இல் நீங்களே சொன்னீர்கள். அதே அறிவிப்பில், பழைய சுரங்கத்திலிருந்து சுமார் 700 மீட்டர் ஆழத்தில் புதிய படிவை நோக்கிப் பாதை தோண்டும் வேலை தொடங்கிவிட்டதாகவும் சொன்னீர்கள். பேச்சு முடியும் முன்பே பாதை பாதி தூரம் போய்விட்டால், கப்னா மக்கள் யாரோடு எதைப் பேசுவார்கள்?

எல்.கே.ஏ.பி முழுக்க அரசுக்குச் சொந்தமானது. சுவீடனில் வரி கட்டி வாழும் தமிழர் என்ற முறையில், அதன் முடிவுகளில் எனக்கும் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். என் கோரிக்கை இதுதான். மான்கள் தங்கள் காலால் நடந்து போகும் வழி திறந்திருக்கும் என்பதை அனுமதியின் முதல் நிபந்தனையாக எழுதுங்கள். அந்த வழி எது, எவ்வளவு அகலம் வேண்டும் என்பதைக் கப்னா மேய்ப்பர்களே சொல்லட்டும். அப்படி ஒரு வழிக்கு இடமே இல்லை என்று தெரியவந்தால் பெர் யெயரைத் தொடாதீர்கள். அதுவரை 700 மீட்டர் ஆழத்தில் நடக்கும் வேலையை நிறுத்திவையுங்கள்.

உங்கள் பதிலை முதலில் கப்னா சமூகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
சுவீடனில் வாழும் தமிழர் ஒருவர்