அந்த எண்ணை யார் போட்டது? பெக்கெட் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெக்கெட் நிறுவனத்தை இன்று நடத்துபவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட, சேகரிப்பவர்கள் வாங்கி விற்கும் கார்டுகளுக்கு விலையும் தரமும் சொல்வது உங்கள் நிறுவனம். உங்கள் அலுவலகம் இருக்கும் டெக்சஸ் மாநிலத்துப் பிளேனோவில்தான் நாங்களும் குடியிருக்கிறோம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பேஸ்பால் ஆட்டத்தையே நாற்பது வயதுக்குப் பிறகு, மகன் சொல்லிக்கொடுத்துத்தான் புரிந்துகொண்டேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் கார்டு என்றால் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு என்று அதில் எண்கள் அச்சிட்டிருக்கும். பெரிய எண் வைத்திருப்பவன் அடுத்தவன் கார்டை வாங்கிக்கொள்வான். அந்த எண்ணைப் போட்டது யார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

என் மகன் கேட்டான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் உங்கள் 'பெக்கெட் பேஸ்பால் கார்டு மந்த்லி' இதழ்கள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. 41 இதழ்கள். வீட்டுக்கு வந்ததும் 1990ஆம் ஆண்டு இதழ் ஒன்றைத் தரையில் விரித்துவைத்து, பொடி எழுத்து வரிசைகளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு விலை. சிலவற்றின் பக்கத்தில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ ஓர் அம்புக்குறி. "அப்பா, இந்த விலையெல்லாம் யாரு சொன்னது?" என்றான். அன்று என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்துத்தான் சொன்னேன். அப்படிப் படித்ததில் உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அந்த மரியாதையோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் கதை ஒரு கேள்வியில் தொடங்குகிறது. 1970களில் பழைய பேஸ்பால் கார்டுக்கு ஊரறிந்த விலை என்று ஒன்று இருந்ததில்லை. விற்பவர் வாய்க்கு வந்ததுதான் விலை. ஓஹையோவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜேம்ஸ் பெக்கெட் தாமும் ஒரு சேகரிப்பாளர். அவர் புள்ளியியல்காரர் செய்யக்கூடியதைச் செய்தார். சேகரிப்பவர்களிடமும் விற்பவர்களிடமும் கருத்துக்கணிப்பு நடத்தி, இந்தக் கார்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டார். வந்த பதில்களைத் தொகுத்தார். 1979இல் டென்னிஸ் எக்ஸ் என்பவரோடு சேர்ந்து முதல் விலைக் கையேட்டை வெளியிட்டார். 1984 நவம்பரில் மாத இதழ் தொடங்கியது. பிறகு அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி இதழ்.

அந்த இரண்டு விலைப் பத்திகளைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒற்றை விலையை அச்சிட்டு "இதுதான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இடைவெளியைக் காட்டினார். கேட்ட ஆட்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை என்பதை வாசகருக்கு மறைக்காத நேர்மை அது.

ஆனால் வாசகர்கள் இரண்டு பத்தியையும் படிக்கவில்லை. அதிக விலைப் பத்தியைத்தான் படித்தார்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிற்றூர்களில்கூடக் கார்டுக் கடைகள் முளைத்தன. கடை மேசையில் உங்கள் இதழ் ஒன்று, விரித்து விரித்து முதுகு ஒடிந்துபோய்க் கிடக்கும். 1989இல் அப்பர் டெக் என்ற புது நிறுவனம் ஹோலோகிராம் ஒட்டிய பளபளப்பான கார்டுகளோடு வந்தது. அதன் வரிசையில் 1ஆம் எண் கார்டில் இருந்தவர், அப்போது இளைஞராக இருந்த பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியர். அந்த ஒரு கார்டுக்காகவே ஆட்கள் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்தார்கள். தேவை ஏற ஏற, நிறுவனங்கள் இரவு பகலாக அச்சடித்துத் தள்ளின. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர். 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. காற்று இறங்கிவிட்டது. அந்தக் காலத்துக் கார்டுகளை இன்று குப்பைக் காலத்துச் சரக்கு என்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வாங்கி வைத்த நான்கு பெட்டிகளை என் மகனுக்குச் சும்மாவே கொடுத்தார். "ஒரு காலத்தில் இதை வைத்து வீட்டுக்கடனையே அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்" என்று அவர் சொன்னபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

இதற்கு உங்கள் இதழ்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அளவில்லாமல் அச்சடித்தவர்கள் வேறு. இருந்தாலும் அந்த அம்புக்குறிகளுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மேல்நோக்கிய அம்பைப் பார்த்தவர் வாங்கினார். வாங்கியதால் விலை ஏறியது. ஏறியதால் அடுத்த மாதமும் அம்பு மேலே பார்த்தது. அளக்கும் கோலே அளக்கப்படும் பொருளை அசைத்துவிட்டது. புள்ளியியல் படித்தவர் தொடங்கிய நிறுவனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் இணைய ஏலம் வந்தது. ஈபே 1995இல் தொடங்கியது. ஒரு கார்டு நேற்று இரவு என்ன விலைக்குப் போனது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம் என்றானதும், மாதம் ஒருமுறை வரும் விலைப்பட்டியலின் பிடி தளர்ந்தது. அதே நேரத்தில் வேறொரு சிக்கல் வளர்ந்தது. வாங்குபவர் கார்டைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரத்தை வெட்டிச் சீர் செய்திருக்கிறார்களா என்று யாரோ ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். 1991இலேயே பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் அந்த வேலையைத் தொடங்கியிருந்தது. கார்டைப் பரிசோதித்து, ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் மூடிக் கொடுப்பார்கள். ஸ்லாப் என்பது அதுதான்.

பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்ட கார்டின் கதை உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டி206 என்ற பழைய கார்டு வரிசையைச் சேர்ந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு அது. 1991இல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அப்போதைய முதலாளி புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அதற்குக் கிடைத்த மதிப்பெண் 8. பல ஆண்டுகளாக முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2013இல், ஒரு காலத்தில் அதை விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே பெயர்பெற்ற கார்டுக்கே இந்தக் கதி.

1999இல் நீங்கள் தரம் போடும் தொழிலுக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரு புதுமைக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். நீங்கள் ஓர் எண்ணோடு நிறுத்தவில்லை. படம் நடுவில் இருக்கிறதா, மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு என்று நான்கு துணை மதிப்பெண்களை லேபிளிலேயே அச்சிட்டீர்கள். ஒன்பதரை வாங்கிய கார்டு எங்கே அரை மதிப்பெண்ணை விட்டது என்று ஒரு பையன்கூடப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். முன்பக்கத்தில் படத்தின் இடது வலது ஓரங்களின் அகலம் 50க்கு 50 இருந்து, மேல் கீழ் 55க்கு 45 ஆகிவிட்டால் நடு அமைப்புக்குப் பத்து கிடையாது. மொத்த மதிப்பெண் வெறும் சராசரி இல்லை, நான்கில் எது குறைவோ அது கீழே இழுக்கும் என்பதையும் உங்கள் லேபிள்களைப் பார்த்துப் பார்த்தே என் மகன் கண்டுபிடித்தான். நான்கிலும் பத்து வாங்கினால் கறுப்பு லேபிள். பெக்கெட்டின் பழைய இரண்டு பத்தி விலைப்பட்டியலுக்கு இது நேர் வாரிசு. அங்கே விலை எப்படி வந்தது என்று காட்டினீர்கள். இங்கே மதிப்பெண் எப்படி வந்தது என்று காட்டினீர்கள்.

காரணம் சொல்லாத மதிப்பெண் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் அவன் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு கார்டைத் தரம் போட அனுப்பினோம். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருந்தபின் 8 என்ற ஒற்றை எண்ணோடு திரும்பி வந்தது. மேசை விளக்கின் கீழே பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தக் கார்டைப் பார்த்தான். "மூலையா இருக்குமாப்பா? பின்பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குறைவான எண்ணை அவன் ஏற்றுக்கொண்டான். எதற்கு என்று தெரியாததை இன்னும் அவனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான், துணை மதிப்பெண் இல்லாமலும் தரம் போட்டுக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் குறைவு என்ற வழியை நீங்களும் கொண்டுவந்தது எனக்கு வலிக்கிறது. காரணத்தைச் சொல்வது உங்கள் அடையாளமாக இருந்தது. இப்போது அது கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

இந்த அரை மதிப்பெண்களில் இன்று எவ்வளவு பணம் புரள்கிறது! 2020 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர் மைக் டிரவுட்டின் 2009ஆம் ஆண்டு கார்டு ஒன்று 39 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் உறையில் இருந்தது உங்கள் 9. 2022 ஆகஸ்டில் எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு தரம் போடும் நிறுவனம் 9.5 கொடுத்த 1952 மிக்கி மேன்டில் கார்டு 126 லட்சம் டாலருக்கு விற்றது. 2021 மார்ச் கடைசியில் வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் முன்பே, 2019இல், சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களையும் புது ஏலப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, ஓரம் வெட்டிய கார்டுகள் ஸ்லாபுக்குள் போய் நல்ல மதிப்பெண்ணோடு வந்திருப்பதை வெளிக்கொணர்ந்தார்கள். எஃப்.பி.ஐ. விசாரிப்பதாகச் செய்தியும் வந்தது. சம்பளம் வாங்கும் நிபுணர்கள் தவறவிட்டதை, சம்பளம் இல்லாத ஆட்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்.

தரம் போடுபவர்களின் எண்ணிக்கையும் சுருங்கி வருகிறது. பி.எஸ்.ஏ.வை வைத்திருக்கும் கலெக்டர்ஸ் நிறுவனம் 2024இல் எஸ்.ஜி.சி.யையும் வாங்கிவிட்டது. நீங்களும் 2005இல் ஜேம்ஸ் பெக்கெட் விற்றதிலிருந்து கைமாறி வந்திருக்கிறீர்கள். முதலாளி யாராக இருந்தாலும் சரி, எனக்கு மூன்று வேண்டுகோள்கள்.

துணை மதிப்பெண்களை எல்லாக் கார்டுக்கும், தனிக் கட்டணம் இல்லாமல் கொடுங்கள். மலிவான சேவைக்கு லேபிளில் இடமில்லை என்றால் வரிசை எண்ணைத் தட்டினால் உங்கள் தளத்திலாவது தெரியட்டும். கார்டைப் பார்த்தவர் ஏற்கெனவே நான்கையும் மனதில் கணக்கிட்டுத்தான் ஓர் எண்ணுக்கு வருகிறார். அதை எழுதிவைக்கும் வேலைதான் மிச்சம்.

தவறென்று தெரிந்த ஸ்லாப்களின் பட்டியலை வெளியிடுங்கள். வரிசை எண், என்ன தவறு, எப்போது தெரிந்தது, அவ்வளவு போதும். வெட்டிய கார்டு ஒன்று உங்கள் உறைக்குள் அகப்பட்டுவிட்டால் உரிமையாளரோடு பேசி ரகசியமாக முடித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வாங்கப்போகிறவர் அதே கார்டுக்குத் தன் சேமிப்பைக் கொட்டக் காத்திருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது. 1984இலிருந்து வந்த எல்லா இதழ்களையும், 1979 கையேட்டிலிருந்து வந்த எல்லாப் பதிப்புகளையும் ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு நூலகத்திடம் கொடுங்கள். ஜேம்ஸ் பெக்கெட் முனைவர் பட்டம் பெற்ற சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகம் பக்கத்து டாலஸில்தான் இருக்கிறது. பழைய கருத்துக்கணிப்புத் தாள்கள் எங்காவது அட்டைப்பெட்டியில் மிஞ்சியிருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இணையத்தில் ஒரு விலை மாறினால் பழைய விலையின் மேல் புது விலை ஏறி உட்கார்ந்துவிடும். காகிதத்தில் அப்படி நடக்காது. ஒரு நாடே அட்டைத்துண்டுகளின்மேல் எப்படி ஆசை வைத்தது, அந்த ஆசை எந்த மாதத்தில் ஏறியது, எந்த மாதத்தில் சரிந்தது என்று மாதவாரியாகக் காட்டும் பதிவு உங்கள் இதழ்கள். கிரிஃபி கார்டு ஒன்றை மட்டும் எடுத்து, எங்களிடம் உள்ள இதழ்களிலிருந்து அதன் விலையைக் கட்டம் போட்ட தாளில் என் மகன் வரைந்திருக்கிறான். நடுவில் எட்டு மாதம், பத்து மாதம் என்று ஓட்டைகள். அந்த இதழ்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கருத்துக்கணிப்புகளுக்குப் பதில் எழுதி அனுப்பியவர்கள் சேகரிப்பாளர்கள். அதற்காக அவர்கள் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வயதுள்ளவர்கள் படிக்கக் கேட்கிறார்கள்.

ஸ்கேன் செய்யத் தொடங்கினால் உங்கள் அலமாரியிலும் சில இதழ்கள் விடுபட்டிருக்கக்கூடும். எங்களிடம் உள்ள 41இன் பட்டியலை என் மகன் மாதவாரியாக எழுதிவைத்திருக்கிறான். இரண்டின் அட்டை கிழிந்திருக்கிறது, ஒன்றில் பழைய உரிமையாளர் பேனாவால் விலைகளைத் திருத்தியிருக்கிறார். தேவைப்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னால் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
பிளேனோவிலிருந்து ஒரு சேகரிப்பாளனின் அப்பா