கம்பியில்லா இணைப்புக் கருவி செய்வோருக்குத் திறந்த மடல்: நடுவில் மேடு இருந்தால் எத்தனை கிலோமீட்டர்?

கம்பியில்லா இணைப்புக் கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். ஒதுக்குப்புறத்தில் இருக்கும் பம்பு அறை, பள்ளி, மருத்துவ நிலையம் போன்ற இடங்களை ரேடியோ அலையால் இணைத்துக் கொடுப்பது என் வேலை. உங்கள் பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் வரும் கிலோமீட்டர் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல். '20 கி.மீ. வரை' என்கிறீர்கள். பக்கத்திலேயே 'நேர்ப்பார்வை தேவையில்லை' என்றும், அதாவது இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று தெரிய வேண்டியதில்லை என்றும் போடுகிறீர்கள். இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறார், சேர்த்துப் படித்தால் அது பெரும்பாலும் நடக்காத காரியம்.

வெறும் தூரத்தை ரேடியோ அலை தாங்கிவிடும். 2007-இல் வெனிசுவேலாவில் கம்பியில்லா இணைப்பு ஆய்வாளர் எர்மானோ பியெத்ரோசெமோலியும் குழுவினரும் வைஃபை ரவுட்டரையும் பெரிய டிஷ்ஷையும் வைத்து 382 கிலோமீட்டர் தாண்டினார்கள். இரண்டு முனையும் மலை உச்சி, குறுக்கே எதுவும் இல்லை. அந்த வைஃபை ஓடிய அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, அடர்ந்த தோப்பு ஒன்று குறுக்கே நின்றால் சில நூறு மீட்டரிலேயே திணறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5.8 கிகாஹெர்ட்ஸ், 10 கிலோமீட்டர். வெட்டவெளியிலேயே சுமார் 128 டெசிபெல் இழப்பு (ஒவ்வொரு 10 டெசிபெல் இழப்புக்கும் சிக்னலின் ஆற்றல் பத்தில் ஒன்றாகும்). 25 டிபிஎம் (சக்தியை டெசிபெல்லில் சொல்லும் அளவு) சக்தியில் அனுப்பி, இரண்டு பக்கமும் 23 டிபிஐ ஆதாயம் உள்ள, அதாவது அலையை ஒரே திசையில் அந்த அளவுக்குக் குவிக்கும் ஆண்டெனா வைத்தால் மறுமுனைக்கு மைனஸ் 57 டிபிஎம் வரும். அருமையான சிக்னல். நடுவில் 50 மீட்டர் ஆழத்துக்கு மரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரங்களில் எவ்வளவு சிக்னல் போகும் என்று கணிக்கும் வைஸ்பர்கர் சூத்திரப்படி இன்னும் 22 டெசிபெல் போகும். மைனஸ் 79 ஆகிவிட்டது. இணைப்பு அறுந்துவிடாது, ஆனால் வேகம் விழும். காற்றடிக்கும் நாளில் திரையைப் பார்த்தால் அந்த எண் நிலையாக நிற்காது, கிளை அசைய அசைய ஏறும், இறங்கும். மழையில் இலை நனைந்தால் இன்னும் கீழே போகும். அதற்குமேல் ஒரு மேடு. கூர்மையான முகட்டை நேர்க்கோடு உரசிச் சென்றாலே 6 டெசிபெல், அதாவது முக்கால்வாசி ஆற்றல் அங்கேயே போய்விடும். முகடு கோட்டுக்கு மேலே எழும்பி 20 டெசிபெல்லை எடுத்துக்கொண்டால் மைனஸ் 99. சரி, இனி இணைப்பு இல்லை. பெட்டியில் மட்டும் 20 கி.மீ. அப்படியே இருக்கிறது.

'900 மெகாஹெர்ட்ஸ் மாடலை வாங்குங்கள், அது ஊடுருவும்' என்று உங்கள் விற்பனையாளர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. அதே 50 மீட்டர் மரங்களில் 13 டெசிபெல்தான் போகும், முகட்டைத் தாண்டியும் அலை நன்றாக வளையும். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை: அதே அளவு ஆண்டெனாவுக்கு அங்கே ஆதாயம் வெகுவாகக் குறையும். ஃப்ரெனெல் மண்டலமும், அதாவது நேர்க்கோட்டைச் சுற்றி அலை செல்லத் தேவைப்படும் இடமும், பெரிதாகும். 10 கிலோமீட்டர் பாதையின் நடுவில் அதன் ஆரம் 5.8 கிகாஹெர்ட்ஸில் சுமார் 11 மீட்டர், 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 29 மீட்டர். இதில் 60 சதவீதமாவது காலியாக இருந்தால்தான் தெளிவான பாதை. எதிர்முனை கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது என்பதை உங்கள் கையேடுகள் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, 'நேர்ப்பார்வை இல்லை' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறீர்கள். இலைக்குள் புகுவது வேறு, முகட்டில் வளைவது வேறு, கட்டடச் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவது வேறு. ஓஎஃப்டிஎம் (தகவலைப் பல சிறு அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் முறை), மைமோ (பல ஆண்டெனாக்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) இரண்டும் தெறித்து வரும் அலைகளைச் சமாளிப்பதில், பயன்படுத்திக்கொள்வதில்கூட, கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் தெறிக்கச் சுவரே இல்லாத மண்மேட்டுக்குப் பின்னால் அவை என்ன செய்யும்? நகரத் தெருவில் சோதித்த முடிவை மலைப்பள்ளத்துக்கு விற்பது நியாயமில்லை.

குறைந்த சக்தியில் சிறு தகவல்களை வெகுதூரம் அனுப்பும் லோரா கருவிகளில் தூரம் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மிக அதிக தூரத்துக்கான அமைப்பில் நொடிக்குச் சுமார் 300 பிட்தான் ஓடும். தொட்டியின் நீர்மட்டம் தெரிய அது தாராளம். அதில் கேமரா ஓடும் என்று நம்பி வாங்கியவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தொலைவில் இருக்கும் ஒரு மருத்துவ நிலையத்துக்கு இருந்த பணத்தையெல்லாம் போட்டுத் தவறான கருவியை வாங்கிவிட்டால், இரண்டாவது முறை வாங்க அவர்களிடம் எதுவும் இருக்காது.

ஆகவே கேட்கிறேன். தூரத்தை அச்சிடும் இடத்திலேயே, எந்த உயரத்தில், எந்த ஆண்டெனாவோடு, எந்த வேகத்தில், குறுக்கே என்ன இருந்தபோது அளந்தீர்கள் என்பதையும் அச்சிடுங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் ரிசீவருக்குத் தேவையான குறைந்தபட்ச சிக்னலைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் ஒளிக்காதீர்கள். வானிலைக்கும் இலைக்கும் 20 டெசிபெல்லாவது மிச்சம் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். முகட்டின் மேல் சூரிய மின்சாரத்தில் ஓடும், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு சிறிய ரிப்பீட்டரை வைத்து, ஒரு குருட்டுப் பாதையை இரண்டு தெளிவான பாதைகளாக்குவதுதான் பல இடங்களில் சரியான வழி. விலை கூடிய கருவியைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் அதைச் சொல்ல உங்கள் விற்பனையாளர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

மரங்களுக்கும் மேடுகளுக்கும் பின்னால் நான் எடுத்த அளவீடுகள், எண்களும் நிலப்படங்களுமாக, என்னிடம் இருக்கின்றன. உங்கள் பொறியாளர்கள் கேட்டால் இலவசமாகவே தருகிறேன்.

இப்படிக்கு,
களத்தில் இணைப்பு அமைக்கும் ஒருவர்