இந்த உப்பு ஏன் இந்த விலை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் புதிதாக வைத்திருக்கும் ஸ்காட்லாந்துக் கடல் உப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உப்புக்கா இவ்வளவு விலை?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலே உப்பை விளைவித்துத் தருகிறது. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் அந்த வெயில் ஏது? கடல்நீரைக் காய்ச்சித்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 30 லிட்டர் நீர் வற்ற வேண்டும். அதனால் அந்நாட்டில் நிலக்கரி கிடைத்த கடலோரங்களில்தான் உப்புக் கொட்டகைகள் எழுந்தன. ஸ்காட்லாந்தின் வடபகுதியான சதர்லாண்டில் உள்ள புரோரா அப்படியோர் ஊர். 1598-இல் சதர்லாண்டுச் சீமாட்டி ஜேன் கார்டன் அங்கே நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, கூடவே உப்பு காய்ச்சவும் ஏற்பாடு செய்தார்.

அந்தக் காலத்தில் ஆழமில்லாத அகன்ற இரும்புக் கொப்பரையில் கடல்நீரை ஊற்றி, அடியில் விலைபோகாத தூள்கரியை எரிப்பார்கள். நீர் சூடேறும்போது மாட்டு ரத்தம் சேர்ப்பதுண்டு. அது உறைந்து, அழுக்கைத் திரட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், வழித்து எறிந்துவிடுவார்கள். (சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். நாங்கள் வாங்குவது வடிகட்டிய கடல்நீரில் காய்ச்சியது மட்டுமே.) தீ வேகமாக எரிந்தால் உப்பு பொடியாகத்தான் இறங்கும். ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் சனிக்கிழமை தீயைத் தணித்து அப்படியே விட்டுவிடுவார்கள். திங்களன்று கொப்பரையில் பெரிய பெரிய பரல்கள் கிடக்கும். 'ஞாயிற்று உப்பு' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. நம் பொட்டலத்தில் இருப்பதும் அப்படி மெதுவாக வற்றவைத்த உப்புதான். விலையில் பெரும்பங்கு அந்த நேரத்துக்கும் எரிபொருளுக்கும் போகிறது.

அன்று உப்பு காய்ச்சியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை விற்க எங்களுக்கு மனமில்லை. 1606-இல் வந்த ஸ்காட்லாந்துச் சட்டம் உப்புத் தொழிலாளரையும் நிலக்கரித் தொழிலாளரையும் முதலாளியோடு கட்டிப்போட்டது. அவர் அனுமதியில்லாமல் வேறிடம் வேலைக்குப் போக முடியாது. கொத்தடிமை வாழ்க்கைதான். 1775, 1799 ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே முழு விடுதலை கிடைத்தது. 1825-இல் உப்பு வரி நீங்கியதும் இங்கிலாந்தின் செஷயர் உப்பு மலிவாக வந்து குவிந்தது. கடலோர அடுப்புகள் பெரும்பாலும் அணைந்துபோயின.

இதைக் குழம்பில் கரைத்து வீணாக்க வேண்டாம். வறுத்த மீன்மேலும் மாங்காய்க் கீற்றிலும் விரலால் நொறுக்கித் தூவுங்கள். இதில் அயோடின் சேர்க்கவில்லை. அன்றாடச் சமையலுக்கு நீங்கள் வழக்கமாக வாங்கும் அயோடின் உப்பே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மளிகைக் கடையினர்